செங்கல்பட்டின் சிவப்பு முத்திரையும் என் ஊதா முத்திரையும்

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதையும் முழுசாகப் படித்தேன் என்று சொன்னால் அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரே சிரிக்கும். ஆனால் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் எங்கே நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும், அவர்கள் உட்கார்ந்தது பெரும்பாலும் என் சேரில்தான். வாடகை சைக்கிளில் ஒரு அண்டாவையும் ஒரு சமுக்காளத்தையும் கட்டிக்கொண்டு ஆரம்பித்த தொழில். இன்றைக்கு டெம்போ இருக்கிறது, லாரி இருக்கிறது, கூரை போட்ட குடோன் இருக்கிறது. மந்திரி உட்கார்ந்திருக்கிறார், சாமியார் உட்கார்ந்திருக்கிறார், மாப்பிள்ளைகள் கணக்கில்லை. அதில் சில கல்யாணங்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டன. என் சேர் எதுவும் போகவில்லை.

இத்தனை பேரை மேடையில் உட்கார வைத்த நான் மேடையில் உட்கார்ந்ததே கிடையாது. ஏறியிருக்கிறேன். சேர் போட ஏறுவேன், சேர் எடுக்க ஏறுவேன், அதுவும் பின்பக்கப் படி வழியாக. மைக்கில் என்னைக் கூப்பிட்டதும் உண்டு. "சேர்காரர் எங்கிருந்தாலும் மேடைக்குப் பின்புறம் வரவும்" என்பார்கள். அதைத் தாண்டி ஒரு மரியாதை எனக்கு எந்த மைக்கிலும் கிடைத்ததில்லை. முன்பக்கப் படியில் ஏறி, நாலு பேர் பார்க்க, நான் போட்ட சேரில் நானே ஒரு தடவை உட்கார வேண்டும் என்பது என் ஆசை. சின்ன ஆசைதான். வயசு எழுபதைத் தொட்ட பிறகு சின்ன ஆசைகள்தான் ஆளைப் பாடாய்ப் படுத்துகின்றன.

இந்த ஆசைக்கும் பழைய தபால் முத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதற்கு முன்னால், என் தொழிலின் ஒரு ஒழுங்கைச் சொல்லிவிட வேண்டும். வாடகைப் பாத்திரத் தொழிலில் சாமானைவிடச் சாமான் மேல் இருக்கும் பேர்தான் முக்கியம். ஒரே தெருவில் ரெண்டு விசேஷம் நடந்தால் ரெண்டு கடைச் சாமானும் கலந்துவிடும். விடிந்ததும் அண்டாவுக்கு அண்டா சண்டை. அப்போது பேசுவது அண்டாவின் விளிம்பில் உளியால் வெட்டியிருக்கும் எழுத்துதான். அதனால் பாத்திரத்தில் வெட்டுவேன், சேரின் முதுகில் பெயிண்ட் அடிப்பேன், சமுக்காளத்தின் மூலையில் மை குத்துவேன், கரண்டிக் காம்பைக்கூட விட்டதில்லை. பேர் போடாத சாமான் என் குடோன் வாசலைத் தாண்டியதில்லை. இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். என் மனைவி வேறு மாதிரி சொல்லுவாள்.

"கொஞ்சம் அசந்தா என் முதுகுலயும் பேரை வெட்டிடுவாரு இந்த மனுசன்."

சில வருஷங்களுக்கு முன்னால் மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை ரிசார்ட்டில் கல்யாணம். ஆட்கள் சேரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் முதலாளியாச்சே, சும்மா நிற்கலாமா என்று ஊருக்குள் நடந்தேன். சிற்பக் கடைகளைத் தாண்டி ஒரு சந்தில் வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழைய சாமான் விற்கிற கடை. கப்பல் விளக்கு, ஓடாத கடிகாரம், யாரோ ஒருவரின் தாத்தா போட்டோ, இதற்கு நடுவில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மடித்த ஒரு மஞ்சள் காகிதம். நடுவில் கறுப்பாக ஒரு வட்ட முத்திரை. எனக்கு இங்கிலீஷ் பெரிய எழுத்து மட்டும் தெரியும். லாரி போர்டு, ரயில்வே ஸ்டேஷன் போர்டு பார்த்துப் படித்தது. பாத்திரம் எண்ணுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எண்ணிக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்த இடம் எங்கள் ஊர்ப் பேர், வெள்ளைக்காரன் வாயில் நுழைந்த மாதிரி.

கடைக்காரன் உள்ளேயிருந்து குரல் கொடுத்தான்.

"அண்ணாத்த, அத்தத் தொடாத. ஒரு ஃபாரினரு கேட்டுகினு கீறாரு."

"இன்னாப்பா இது, வெறும் காயிதம்?"

"வெறும் காயிதமா? கம்பெனிக் காலத்துது. ஸ்டாம்பு வர்றதுக்கு மின்னாடி லெட்டர்ல சீலு மட்டுந்தான் குத்துவாங்க. செங்கல்பட்டு சீலு அது."

"எங்க ஊரு சீலா?"

"ஆமா."

"அப்ப அத்த எதுக்கு ஃபாரினருக்குக் குடுக்கற? எட்து பேப்பர்ல சுத்து."

கேட்டதைக் கொடுத்து வாங்கினேன். பேரம் பேசவில்லை. தொழிலில் ஒரு ஸ்பூனுக்குக்கூடப் பேரம் பேசுகிறவன் நான். அன்றைக்கு ஊர்ப் பேர் கண்ணை மறைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். அவள் அப்படி நின்றால் விசாரணை ஆரம்பம் என்று அர்த்தம்.

"இன்னாய்யா இது?"

"லெட்டரு."

"யாரு எய்துனது?"

"தெரியாது."

"யாருக்கு?"

"தெரியாது."

"உள்ள இன்னா எய்திக் கீது?"

"இங்கிலீஷ். அதுவும் கோயி கிறுக்குன மாதிரி கீது."

"பின்ன உனக்கு இன்னாதான்யா தெரியும்?"

"சீலு தெரியும்."

அவள் உடனே என் மகளுக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு பி.பி. பார்க்க வேண்டும் என்று சொன்னாள்.

சீல் தெரியும் என்று நான் சொன்னது பொய் இல்லை. அந்தக் காலத்தில் கவர் கிடையாது. எழுதிய தாளையே மடித்து அரக்கு வைத்து ஒட்டி, மேலே விலாசம் எழுதித் தபால் ஆபீசில் கொடுப்பார்கள். அங்கே ஊர்ப் பேர் வெட்டிய கட்டையை மையில் தோய்த்துக் கையால் குத்துவார்கள். அனுப்புகிறவரே காசு கட்டியிருந்தால் சிவப்பு மை, வாங்குகிறவர் கட்ட வேண்டும் என்றால் கறுப்பு மை என்று சொல்வார்கள். மிஷின் குத்துவதில்லை, மனுசன் குத்துவது. அதனால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒன்றில் ஒரு பக்கம் மை அப்பியிருக்கும், மறுபக்கம் எழுத்தே இருக்காது. ஒன்று நேராக இருக்கும், ஒன்று தலைகீழாக நிற்கும். வாழ்நாளெல்லாம் பாத்திரத்தில் பேர் வெட்டினவனுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. இவன் அவசரத்தில் குத்தினான், இவனுக்குத் தோள் வலி, இவன் வலது கைக்காரன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் என் சம்பந்தியிடம் இதைச் சொன்னபோது, "இடது கைக்காரர் தலைகீழா நின்னு குத்தியிருந்தாலும் இப்படித்தான் விழும்" என்றார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஒரு காகிதத்தோடு நிற்கவில்லை. சேர்க்க ஆரம்பித்தேன். இந்த விஷயத்தில் படித்தவர்களுக்கு இல்லாத வசதி ஒன்று எனக்கு உண்டு. பந்தல்காரன் எல்லா வீட்டுக்குள்ளும் போவான். காதுகுத்து, சீமந்தம், கருமாதி எதுவானாலும் பாத்திரம் இறக்க இடம் வேண்டும், அதற்காக அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் திறக்காத அறையைத் திறப்பார்கள். உள்ளேயிருந்து டிரங்குப் பெட்டி வெளியே வரும். "பெட்டிக்குள்ள பழைய லெட்டர் இன்னாவாச்சும் கீதா?" என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. பாதிப் பேர் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். மீதிப் பேர் கொடுத்தார்கள்.

அச்சரப்பாக்கத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர் வீட்டில் அறுபதாம் கல்யாணம். சீரியல் லைட் கட்டுவதற்கு என் ஆள் ஒரு பெட்டிமேல் ஏறி நின்றான். மூடி உடைந்து கால் உள்ளே போனது. காலோடு சேர்ந்து ஒரு காகிதக் கட்டும் வெளியே வந்தது. ஆள் காலைப் பிடித்துக்கொண்டு கத்துகிறான், நான் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் இருந்த மடிப்பைத் திருப்பினால், முட்டை வடிவத்தில், குங்குமம் கொஞ்சம் வெளுத்த மாதிரி சிவப்பில் ஒரு முத்திரை. செங்கல்பட்டு. அதற்குக் கீழே காசு கட்டியாயிற்று என்கிற வார்த்தை. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"எட்துகினு போ அண்ணாத்த. எப்பிடியும் கரையான் துன்னத்தான் போவுது."

அந்த விசேஷத்துக்கு சீரியல் லைட் இலவசம் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். ஏமாந்தது யார் என்று எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியவில்லை.

இப்போது சம்பந்தி. என் மகளும் அவர் மகனும் ஒரே எலெக்ட்ரிக் ட்ரெயினில் வேலைக்குப் போய்வந்து, அவர்களே முடிவு செய்துகொண்டு, பிறகு எங்களுக்குத் தகவல் சொன்ன கல்யாணம். சம்பந்தி திருக்கழுக்குன்றத்துக்காரர், ரிட்டயர் ஆன பள்ளிக்கூட வாத்தியார். பேசும்போதே காற்புள்ளி, முற்றுப்புள்ளி வைத்துப் பேசுவார். சின்ன வயசிலிருந்து தபால்தலை சேர்க்கிறவர். நான் பெண்ணைக் கொடுத்தவன், அதனால் அவர் என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறேன். ஊரில் யாரையும் ஒரு வார்த்தையில் வாயை மூட வைக்கிற நான், அவர் முன்னால் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். முதல் தடவை என் முத்திரைகளைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, "நீங்களா?" என்றார். ஒரே வார்த்தை. அதில் என் அஞ்சாம் வகுப்பு முழுசும் இருந்தது.

சிவப்பு முத்திரை கிடைத்ததும் அவரை வீட்டுக்கு வரச் சொன்னேன். பூதக்கண்ணாடியோடு வந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. மனைவி வைத்த காபியில் ஆடை கட்டியது. கடைசியில் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"சம்பந்தி, இந்த ஓவலை நான் கறுப்புலதான் பார்த்திருக்கேன். சிவப்புல பார்த்ததே இல்லை."

"அப்ப நல்லதா சம்பந்தி?"

"நல்லதாவா! எங்கே கிடைச்சுது?"

"எங்க ஆளு பொட்டி மேல கால வெச்சான்."

"எல்லாருக்கும் அப்படிக் கால் வாய்க்கிறதில்லை" என்றார். அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகுதான் கண்காட்சி விஷயத்தைச் சொன்னார். செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் சேகரிப்பாளர்கள் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்களாம். சென்னையிலிருந்து நடுவர்கள் வருவார்களாம். ஜெயித்தவர்களுக்கு மெடல்.

"மெடல் குடுத்து அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, மேடைக்குக் கூப்பிட்டு, வரிசையா உட்கார வெச்சு, தலைமை விருந்தினரோட போட்டோ எடுப்பாங்க."

"உக்கார வெச்சா?"

"ஆமா. ஏன் கேட்கறீங்க?"

"சொம்மாத்தான்."

"சேர்கூட உங்க கடையிலதான் சொல்லியிருக்காங்க" என்றார்.

அன்றைக்கெல்லாம் எனக்கு அதே நினைப்பு. என் சேர், என் ஊர், என் ஊர் முத்திரை, நடுவில் நான். மகள் விடுமுறையில் வந்து ஒவ்வொரு காகிதத்துக்கும் கீழே இங்கிலீஷில் விவரம் டைப் அடித்துக் கொடுத்தாள். மூலைகளில் மட்டும் பிடிக்கிற மாதிரி அட்டையில் செருகினோம். வெள்ளைச் சட்டை புதுசாகத் தைத்தேன். அதோடு விட்டேனா? குடோனில் ரெண்டு மேடைப் பலகையைப் போட்டு, நடுவில் ஒரு மெத்தைச் சேரை வைத்து, யாரும் இல்லாத நேரத்தில் முன்பக்கமாக ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால்மேல் கால் போடலாமா, கையைத் தொடையில் வைப்பதா, சேர்க் கையில் வைப்பதா என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனைவி வந்துவிட்டாள்.

"இன்னாய்யா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் உக்காந்துகினு கீற?"

"சேர் ஆடுதான்னு பாத்தேன்."

"சேர் ஆடல. நீதான் ஆடிகினு கீற."

கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் தயார். அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, வழக்கம்போல வெளியே போகிற சாமானை ஒரு தடவை நோட்டம் விட்டேன். மனசில் ஏதோ இடித்தது. மண்டபத்தில் பத்துப் பதினைந்து பேர் இதே மாதிரி மஞ்சள் காகிதம் கொண்டுவருவார்கள். பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரி. கலந்துபோனால்? "இது என்னுது" என்று எவனாவது எடுத்துக்கொண்டால் எதைக் காட்டிக் கேட்பது? இத்தனை வருஷத் தொழிலில் பேர் இல்லாத ஒரு கரண்டியை நான் வெளியே அனுப்பினதில்லை. கரண்டிக்கே அந்தக் காவல் என்றால், சிவப்பு முத்திரைக்கு?

கடை ரப்பர் ஸ்டாம்பை எடுத்தேன். மை பேடு காய்ந்திருந்தது, புதுப் புட்டியை உடைத்து ஊதா மையைத் தாராளமாக ஊற்றினேன். ஒவ்வொரு காகிதமாக மூலையிலிருந்து உருவி, திருப்பி, பின்பக்கத்தில் குத்தினேன். முன்பக்கம் குத்தவில்லை. அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். நேராக, அழுத்தமாக, ஒரு எழுத்துகூட அழியாமல் விழுந்தது. அந்தக் காலத்துத் தபால்காரன் எவனும் இவ்வளவு சுத்தமாகக் குத்தியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபேனுக்குக் கீழே காயவைத்து, திரும்பச் செருகி, மூட்டை கட்டினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் என் ஆட்கள் மண்டபத்தின் பின்பக்கம் சேர் இறக்கினார்கள். நான் முன்பக்க வாசல் வழியாக உள்ளே போனேன். டெம்போ டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணாத்த, மாப்ள கணக்கா கீறியே, யாருக்குக் கல்யாணம்?" என்றான். எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

நடுவர்கள் ரெண்டு பேர். ஒருவர் நரைத்த தலையோடு ஒரு அம்மா. இன்னொருவர் உயரமானவர், பேசவே மாட்டார். என் அட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். சம்பந்தி எனக்குப் பின்னால், ஏதோ தன் மாணவன் பரீட்சை எழுதுகிற மாதிரி கையைப் பிசைந்துகொண்டிருந்தார். அந்த அம்மா சிவப்பு முத்திரையின் மேல் கண்ணாடியை வைத்தார். "அடேயப்பா" என்றார். எனக்குக் காது குளிர்ந்தது. பிறகு கண்ணாடி கொஞ்சம் தள்ளி நகர்ந்தது. அங்கேயே நின்றது.

"ஐயா, இங்க பக்கத்துல ஒரு ஊதா நிழல் தெரியுதே. பின்பக்கத்துல இன்னொரு முத்திரை இருக்கா?"

"இருக்கு மேடம்" என்றேன்.

"ஊதாவுலயா?"

"நல்ல அழுத்தமான ஊதா மேடம்."

அவர் அந்த உயரமானவரைப் பார்த்தார். உயரமானவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "அந்தக் காலத்துல ஊதாவா? வழியில எந்த ஊர்லயாவது குத்தினதா இருக்குமோ?"

சுத்தி இருந்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். சம்பந்தி என் தோளைப் பிடித்து, "சம்பந்தி, இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். அவர் குரலில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக மரியாதை இருந்தது. இவ்வளவு பெரிய மனுசர்கள் என் ஸ்டாம்பை இப்படிக் கொண்டாடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கிடைக்கிற மரியாதையை வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"இதுல மட்டும் இல்ல மேடம், எல்லாத்துலயும் கீது" என்றேன்.

"எல்லாத்துலயுமா! ஒரே முத்திரையா?"

"அச்சு பிசகாம அதே முத்திரை."

அந்த அம்மா இடுக்கியால் காகிதத்தை மூலையிலிருந்து மெதுவாக, குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குகிற மாதிரி தூக்கினார். திருப்பினார். நின்றார். பிறகு, சத்தம் போட்டுப் படிக்க வேண்டும் என்று நினைத்து இல்லை, அதிர்ச்சியில் தானாக வாய் படித்தது என்று நினைக்கிறேன்.

"பந்தல்... சேர், டேபிள்... சமையல் பாத்திரங்கள்... சகல விசேஷங்களுக்கும்... குறைந்த வாடகையில்..."

"போன் நம்பரும் இருக்கு" என்றார் உயரமானவர்.

"ஆமா சார், ரெண்டு நம்பர். ஒண்ணு கெடைக்கலன்னா இன்னொண்ணுல கூப்புடலாம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி... எப்ப இது?"

"நேத்து சாயங்காலம்."

"ஏன்?"

"சாமான் வெளிய போவுதுல்ல சம்பந்தி."

அந்த அம்மா நல்லவர். திட்டவில்லை. தபால் ஆபீஸ் கையை விட்டு வந்தபோது காகிதம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரு பொட்டு மை விழுந்தாலும் அது வேறு காகிதம் ஆகிவிடும், போட்டியில் சேர்க்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். "உங்க சிவப்பு ஓவல் மட்டும் நேத்து மாதிரியே இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். அதை அவர் முடித்திருக்கலாம். முடிக்காததால் இன்றைக்கும் நான் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

"மேடம், இந்த மை போவும். கொஞ்சம் மண்ணெண்ணெய் வெச்சுத் தொடச்சா..."

"வேண்டாம்!" என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதிகம் பேசாத உயரமானவர் குரல்தான் அதில் பெரிசு.

அட்டைகள் பார்வைக்கு மட்டும் என்று ஒரு சீட்டு ஒட்டினார்கள். நான் மண்டபத்தின் மூலைக்குப் போய் உட்கார்ந்தேன். சேரின் முதுகில் என் பேர் என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது. சுத்தி யாரும் இல்லை. திருடு போகக்கூடாது என்று பயந்தேன். யாரும் திருடவில்லை. இனி யாரும் திருடமாட்டார்கள், அதுவும் உறுதி. அந்த அளவுக்கு என் ஸ்டாம்பு வேலை செய்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, கண்ணிலும் ஏதோ வந்தது. புதுச் சட்டை வேறு அக்குளில் பிடித்தது.

சாயங்காலம் பரிசளிப்பு. கிளம்பிவிடலாம் என்றுதான் எழுந்தேன். சம்பந்திக்குத் தபால்தலைப் பிரிவில் வெண்கல மெடல். பெண்ணைக் கொடுத்த இடம், கைதட்டாமல் போனால் நன்றாக இருக்காது என்று கடைசி வரிசையில் நின்றேன். ஒவ்வொருவராக முன்பக்கப் படியில் ஏறினார்கள். மெடல் வாங்கினார்கள். என் சேர்களில் வரிசையாக உட்கார்ந்தார்கள். போட்டோகாரர் கேமராவைச் சரிசெய்தார். நடுவில் தலைமை விருந்தினர் உட்காரப் போனார், உடனே எழுந்துவிட்டார். சேர்க் கால் ஆடியது. என் மெத்தைச் சேர்! எழுபது வயசில் எனக்கு என்னென்ன பார்க்க வேண்டியிருந்தது!

மைக் கரகரத்தது.

"சேர்காரர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்."

என் ஆட்கள் யாரும் இல்லை. நெம்மேலியில் ஒரு காதுகுத்துக்குச் சாமான் இறக்கப் போய்விட்டார்கள். பின்பக்கப் படியில் பிரியாணிப் பாத்திரம் அடைத்துக்கொண்டு நின்றது. நான் ஓரத்தில் இருந்த ஒரு மெத்தைச் சேரைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டையோடு, கூட்டத்தைப் பிளந்து, முன்பக்கப் படியில் ஏறினேன். ஆடின சேரை எடுத்து ஓரம் வைத்தேன். புதுச் சேரை வரிசைக்கு நேராக வைத்தேன். அடுத்து செய்தது பழக்கம், வேறு ஒன்றுமில்லை. பெரிய மனுசர் உட்காருகிற சேரில் நான் முதலில் உட்கார்ந்து, நாலு பக்கமும் ஆட்டிப் பார்க்காமல் எழுந்ததே கிடையாது. உட்கார்ந்தேன். இடது பக்கம் சாய்ந்தேன், வலது பக்கம் சாய்ந்தேன். கெட்டியாக இருந்தது.

போட்டோகாரர் வரிசை நிறைந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். "எல்லாரும் இங்க பாருங்க" என்றார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். பக்கத்துச் சேரில் சம்பந்தி, கழுத்தில் வெண்கலம். அவர் என் முழங்காலை அமுக்கிப் பிடித்தார்.

"எழுந்துக்காதீங்க சம்பந்தி" என்றார், உதடு அசையாமல்.

"தலைவர் நின்னுகினு கீறாரு."

"நிக்கட்டும். சிரிங்க."

பளிச்சென்று அடித்தது. தலைமை விருந்தினர் தங்கமான மனுசர், ஓரத்தில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் போட்டோவைப் பெரிசாகப் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். மெடல் வாங்கினவர்கள் வரிசை, நடுவில் நான், ரெண்டு கையும் சேர்க் கையில். ஒத்திகை வீண்போகவில்லை. அட்வான்ஸ் கொடுக்க வருகிறவர்கள் கேட்டால், முத்திரைக் கண்காட்சியில் எடுத்தது என்று மட்டும் சொல்வேன். அது உண்மைதானே. மீதி உண்மையை மனைவி உள்ளேயிருந்து சொல்லிவிடுவாள்.

"சேர் ஆடுதான்னு பாக்கப் போனாரு. அப்பிடியே மாட்டிகினாரு."

சம்பந்தி இப்போது வாரம் ஒரு தடவையாவது வருகிறார். சிவப்பு முத்திரையை எடுத்துப் பார்ப்பார், பின்பக்கம் திருப்பமாட்டார். நூறு வருஷம் போனால் உங்க ஊதாவையும் எவனாவது சேர்ப்பான் என்று ஒரு நாள் சொன்னார். அவனுக்குப் பந்தல் வேணும்னா நம்பர் அதுலயே இருக்கு என்றேன். அவர் காபி சட்டையில் சிந்துகிற அளவுக்குச் சிரித்தார். வாத்தியார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரப்பர் ஸ்டாம்பை மனைவி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள், பில்லில் கையெழுத்துத்தான் போடுகிறேன். போட்டோவில் ஒரே ஒரு குறை. அந்த மெத்தைச் சேரின் முதுகில் பெரிசாக, மஞ்சள் பெயிண்டில், என் பேர் எழுதியிருக்கிறது. போட்டோவில் அது தெரியவில்லை. உட்கார்ந்திருக்கிற ஆள் மறைத்துவிட்டார்.